இரண்டு சகலைகளும் ஒரு நானூறு மீட்டரும்

பட்டாணி நானூறு மீட்டரை அறுபத்திரண்டு விநாடிக்குள் ஓட வேண்டும். ஓடுவாளா என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அவளுடைய அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்தான். அதுவும் அவளைப் பற்றி அல்ல.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். அக்காவைக் கட்டியவர் கண்ணாடிக்கடைக்காரர், தங்கையைக் கட்டியவர் மெக்கானிக். சகலைகளுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் எத்தனையோ சங்கதி உண்டு. மாமனார் வீட்டு மரியாதை, பிள்ளைகளின் மார்க், தலைமுடி. இவர்கள் இரண்டு பேருக்கும் மாமனார் வீட்டில் ஒரே அளவு மரியாதைதான், அதாவது கொஞ்சம். தலைமுடியும் அப்படியே. ஆகவே கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாதாரணக் கடிகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுமே கார் பந்தயக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கிரோனோகிராஃப் வகை. மேல் பொத்தானை அமுக்கினால் நீளமான நடுமுள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காதது போலப் பன்னிரண்டில் போய் நின்றுகொள்ளும். கண்ணாடிக்கடைக்காரருடையது வெள்ளை முகம், அதில் மூன்று கறுப்பு வட்டங்கள். மெக்கானிக்குடையது கறுப்பு முகம், அதில் மூன்று வெள்ளை வட்டங்கள். "ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்று கேட்ட ஒரே மனிதர் மச்சினனின் நண்பர். அதற்குப் பிறகு அவரை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரருடையதற்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அவர் அதைப் பல் துலக்குவதற்கு முன்பே செய்துவிடுவார். மெக்கானிக்குடையது கை அசைவிலேயே தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும். "கை அசைச்சு வேலை செய்யறவங்களுக்கு அது சரி சகலை. உக்காந்த இடத்துல இருக்கறவங்களுக்குச் சாவிதான்" என்று மெக்கானிக் ஒருமுறை சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் அதை மறக்கவில்லை. தன்னுடைய முள் விநாடிக்கு எட்டு அடி வைத்து நடக்கிறது, சகலையுடையது பத்து அடி வைக்கிறது என்பதையும் மறக்கவில்லை. "அவசரப்படறது வேற, துல்லியம் வேற" என்று அதற்கொரு பதில் தயாரித்து வைத்திருந்தார்.

இரண்டு கடிகாரத்திலும் விளிம்பைச் சுற்றி எண்கள் பொறித்த வளையம் உண்டு. ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் நேரத்தை அளந்தால் கார் மணிக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது சொல்லிவிடும். அந்த வளையம் அறுபதில் தொடங்குகிறது. கண்ணாடிக்கடைக்காரரின் ஸ்கூட்டர் நாற்பத்தைந்தில் முடிந்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் வண்டியே கிடையாது. அவர் போக்குவரத்தெல்லாம் மேலும் கீழுமாகத்தான். ஆக நான்கு வருடத்தில் இந்த இரண்டு பந்தயக் கடிகாரங்களும் அளந்தவை: வேகவைத்த முட்டை, அரசு அலுவலகத்தில் ஆறாவது மாடிக்குப் போகும் லிஃப்ட், ஒரு தடவை மாமனாரின் தும்மல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. முட்டையில் இரண்டு கடிகாரமும் அரை விநாடி வேறுபட்டன. அந்த அரை விநாடி யாருடையது என்பதுதான் விவகாரம். முட்டையை யாரும் சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் தேர்வு ஓட்டம் வந்தது.

பட்டாணிக்கு அந்தப் பெயர் வைத்தபோது அவள் உருண்டையாக இருந்தாள். இப்போது பதினேழு வயது, வீட்டுக் கதவில் குனிந்து நுழைகிற உயரம். இரண்டு வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிறாள். இந்த வயதுப் பிரிவில் இது கடைசி வருடம். முதலாவதாக வந்தால் மட்டும் போதாது, அறுபத்திரண்டு விநாடிக்குள் வர வேண்டும். வந்தால் விளையாட்டு விடுதியில் இடம், பயிற்சி, படிப்பு எல்லாம். ஒரு துளி அதிகமானாலும் அடுத்த வாரம் முதல் அப்பாவின் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "கீழ் வரிசைய படிங்க" என்று சொல்ல வேண்டியதுதான். அவளே அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது கடையைப் பற்றித் தப்பாக எதுவும் நினைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மைதானத்துக்குக் குடும்பமே வந்திருந்தது. அக்காவும் தங்கையும் நிழலில் இடம் பிடித்திருந்தார்கள். சகலைகள் வெயிலில் நின்றார்கள், டயல் வெயிலில்தான் நன்றாகத் தெரியும் என்பதால். மதியம் ஒரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. நேரம் கணக்கிடும் கேமரா வேலை செய்யவில்லை. கையால் அளக்கும் கருவிகள் எல்லாம் நீச்சல் குளத்துக்குப் போயிருக்கின்றன, மாலை நான்கு மணிக்குத்தான் திரும்பும். கைபேசியில் எடுத்த நேரம் செல்லாது. வந்திருப்பவர்களில் யாரிடமாவது நிறுத்துக் கடிகாரம் இருக்கிறதா?

ஒலிபெருக்கி "இருக்கிறதா" என்று முடிப்பதற்குள் இரண்டு பேரும் பாதி மைதானத்தைத் தாண்டிவிட்டார்கள். அந்த வேகத்தை யாராவது அளந்திருந்தால் வளையத்தின் முதல் எண்ணைத் தொட்டிருக்கும்.

நடுவர் ஒரு பெண்மணி. அகலமான தொப்பி, கழுத்தில் விசில், கையில் நீளமான பதிவேடு. இரண்டு மணிக்கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஒழுங்கா ஓடுமா சார்?"

"பந்தயத்துக்குன்னே செஞ்சதுங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

"ஓடறதுல உங்க பொண்ணு யாராவது இருக்காங்களா?"

"எனக்குப் பொண்ணு, இவருக்கு மகள் முறை. அதனால ரெண்டு மடங்கு கவனமா பாப்போம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

நடுவர் பெருமூச்சு விட்டார். வேறு வழியில்லாதவர்கள் விடும் பெருமூச்சு. பிறகு பாடம் நடத்தினார். "துப்பாக்கிப் புகைய பாத்து அமுக்கணும். சத்தத்த கேட்டு இல்ல. முடிக்கறப்ப நெஞ்சு கோட்ட தொடுற நொடியில நிறுத்தணும். தலை இல்ல, கை இல்ல, நெஞ்சு. கண்ணு கோட்ட விட்டு நகரக் கூடாது. ரெண்டு பேர் நேரமும் வேற வேறயா இருந்தா, எது ஜாஸ்தியோ அததான் எழுதுவேன். விதி அப்படி."

"அப்ப வேகமா ஓடற வாட்ச்சுக்குத்தான் மரியாதை" என்றார் மெக்கானிக்.

"துல்லியமா ஓடறதுக்கு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சார், ஏறுங்க" என்றார் நடுவர்.

கோட்டுக்கு நேராக ஓர் இரும்புப் படிமேடை இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மூன்றாவது படியில் நின்றார், மெக்கானிக் நான்காவது படியில். அதனால் மெக்கானிக்கின் மணிக்கட்டு கண்ணாடிக்கடைக்காரரின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. விநாடிக்குப் பத்து அடி வைக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. எறும்பு ஓடுவது போல இருந்தது என்று பிறகு சொன்னார்.

புகை வந்தது. அமுக்கினார். காதருகே இன்னொரு க்ளிக். அது தனக்கு முன்னாலா பின்னாலா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பெண்கள் எட்டுப் பேரும் முதல் வளைவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. இப்போது ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் தப்பில்லை. மேலே பார்த்தார். சகலையின் முள் ஒன்பதில். தன் முள்ளைப் பார்த்தார், ஒன்பதரை. ஆனால் மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்ப்பதற்கே அரை விநாடி ஆகியிருக்குமே! சரி, கீழே பார்த்துவிட்டு மேலே பார்க்கலாம். இப்போது சகலையுடையது முன்னால் இருந்தது. முறையாகச் செய்ய வேண்டுமானால் இரண்டு முறைப்படியும் பலதடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். எடுத்தார். நாற்பதாவது விநாடியில் சராசரி ஓரளவு படிந்து வந்தது. ஐம்பதாவது விநாடியில் அவர் மேலே பார்த்தபோது சகலையின் கண்களும் சரியாகக் கண்ணாடிக்கடைக்காரரின் மணிக்கட்டில்தான் இருந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை.

அப்புறம் கூட்டம் கத்தியது. காதருகே க்ளிக் என்றது. கண்ணாடிக்கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஏதோ ஒன்று காற்றாகக் கடந்து போனது. அமுக்கினார்.

கடந்து போனது அவருடைய மகள். பத்தடி முன்னிலையில் முதலாவதாக வந்திருந்தாள்.

நடுவர் பதிவேட்டோடு வந்தார். மெக்கானிக் கையை நீட்டினார். ஒரு நிமிடம், ஒன்று புள்ளி ஏழு. கண்ணாடிக்கடைக்காரர் கையை நீட்டினார். ஒரு நிமிடம், இரண்டு புள்ளி நான்கு.

"முக்கால் செகண்ட் வித்தியாசமா?" நடுவரின் புருவம் தொப்பிக்குள் போனது.

"அவருது பிந்தி ஓடும்ங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் உடனே. நான்கு வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம்; வாய் தானாகத் திறந்துகொண்டது. "முட்டை வேக வச்சப்பவே பாத்தோம். என்னோடத போன மாசம்தான் ரிப்பேர்க்காரர் மெஷின்ல வச்சு ஆறு நிலையிலயும் சோதிச்சார். படுக்க வச்சு, நிக்க வச்சு, தலைகீழா வச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுக்கு மேல போகாது. ஒரு நிமிஷத்துல முக்கால் செகண்ட் தப்புறதுக்கு வாய்ப்பே இல்லீங்க. அறுபத்திரண்டு புள்ளி நாலு. நூத்துக்கு நூறு. எழுதிக்கங்க."

"உறுதியா சொல்றீங்களா சார்?"

"எங்க வேணாலும் சொல்லுவேன்."

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "சகலை..."

"நீங்க இருங்க சகலை. தோத்தா ஒத்துக்கணும்."

நடுவர் எழுதினார். எழுதுவதைக் கண்ணாடிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், நான்கைச் சரியாகப் போடுகிறாரா என்று. நடுவர் போட்டார். பக்கத்தில் உள்ள கட்டத்தில் இன்னொரு சொல்லையும் எழுதினார்: 'தேர்வாகவில்லை'. பிறகு பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கிய பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தச் சொல் தெரிந்தது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணாடி மாட்டியதும் முகம் ஒரு மாதிரி ஆகும். அவர் தினமும் பார்க்கிற முகம். இப்போது அது அவருக்கு வந்தது. பட்டாணி இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கியபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் அம்மா. சித்தி கையில் தண்ணீர் பாட்டில். அவர் சொந்த மகளை விடுதியில் சேரவிடாமல் முழு மனத்தோடு வாதாடியதை மூன்று பேரும் முதலிலிருந்து கேட்டிருந்தார்கள்.

"அப்பா" என்றாள் பட்டாணி. "நெஜமாவே ரெண்டு புள்ளி நாலா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டு புள்ளி நான்கில்தான் நின்றது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. அமுக்கினபோது நின்றது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

"இந்த நேரம் செல்லாதுங்க" என்றார் நடுவரிடம்.

"இப்பதானே நூத்துக்கு நூறுன்னீங்க?"

"வாட்ச் நூத்துக்கு நூறு. நான்தான்..." சகலையின் பக்கம் திரும்பாமல் சொல்ல முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை, அவர் எதிரிலேயே நின்றார். "நான் கோட்ட பாக்கல. அவரு வாட்ச்ச பாத்துட்டு இருந்தேன். கூட்டம் கத்துனப்புறம்தான் திரும்புனேன். லேட்டா அமுக்கிட்டேன்."

"எவ்வளவு நேரமா பாத்துட்டு இருந்தீங்க?"

"ஆரம்பத்துலேருந்து."

நடுவர் அவர் கையிலிருந்து பேனாவைத் திரும்ப வாங்கினார். பதிவேட்டில் ஒரு கோடு கிழித்தார். "சரி. உங்களுது தள்ளுபடி. ஒரே ஒரு நேரம் மிஞ்சுது. ஒண்ணு புள்ளி ஏழு. அது போதும்." பேனா மெக்கானிக்கின் பக்கம் நகர்ந்தது. "சார், நீங்க கோட்ட பாத்தீங்கதானே?"

தங்கை முகம் மலர்ந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் சகலையைப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய மணிக்கட்டுக்கு மேலே இருந்த பகுதியைப் பார்த்தார். 'பாத்தேன்னு சொல்லுங்க சகலை. ஆயுசுக்கும் உங்க வாட்ச்தான் ஒசத்தின்னு நான் ஒத்துக்கறேன்' என்று கண்ணால் சொன்னார். கடையில் கண்களோடு பழகுகிறவர். செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

மெக்கானிக் பேனாவை வாங்கினார். கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டது.

அவர் தொழிலில் ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் ஓர் அட்டை மாட்டியிருக்கும். கம்பி பார்த்தேன், பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன் என்று வரிசையாகக் கையெழுத்து. பதினெட்டு வருடமாகப் போடுகிறார். பார்க்காத கம்பிக்குக் கையெழுத்துப் போடும்படி ஒரு கட்டட முதலாளி கெஞ்சியபோது பதினொரு மாடியும் படியில் இறங்கி வந்துவிட்டவர். அந்தக் கை இப்போது சகலை முறையோ மகள் முறையோ எதுவும் தெரியாமல் அடம்பிடித்தது.

"பாக்கலீங்க" என்றார்.

"ஐயோ, என்னங்க!" என்றாள் அவர் மனைவி.

"கூட்டம் கத்தினதும் அமுக்கிட்டேன். அவ அப்ப கோட்ட தொட்டாளா, இன்னும் அஞ்சடி இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

"நீங்க எத பாத்துட்டு இருந்தீங்க?" நடுவர் கேட்டார், பதில் தெரிந்த குரலில்.

"இவரு வாட்ச்ச."

தொப்பியைக் கழற்றி நடுவர் முகத்துக்கு விசிறிக்கொண்டார். முப்பது வருடமாக நடுவராக இருப்பதாகவும், நேரம் எடுக்கிறவர் தூங்கியதைப் பார்த்திருப்பதாகவும், ஒருவர் சண்டைக்குப் போனதையும் பார்த்திருப்பதாகவும் சொன்னார். பிறகு விதியைச் சொன்னார். நேரம் இல்லாத முதலிடம் முதலிடம்தான், ஆனால் தகுதி ஆகாது. வேண்டுமானால் வீராங்கனை இன்றைக்கே தனியாக மறுபடி ஓடிக் காட்டலாம். நான்கு மணிக்கு நீச்சல் குளத்துக் கருவிகள் வந்துவிடும்.

"மறுபடி நானூறா?" பட்டாணி இரண்டு பேரையும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஓடுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"சித்தப்பா வேணும்னா..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார். எதை வேண்டுமானால் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் ரெண்டு செகண்ட்" என்றாள் பட்டாணியின் அம்மா. "அவ்வளவுதான் கேட்டா என் பொண்ணு. வருஷக் கணக்கா இல்ல, மாசக் கணக்கா இல்ல. கழட்டுங்க ரெண்டு பேரும்."

கழற்றினார்கள். அவள் இரண்டையும் கைப்பைக்குள் போட்டாள், சீப்புக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில்.

"ஒண்ணோட ஒண்ணு ஒரசும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக.

"ஒரசட்டும். ஒப்பிட்டுப் பாத்துக்கட்டும்."

நான்கு மணி வரை பட்டாணி மரத்தடியில் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். சித்தி கெண்டைக்காலைப் பிடித்துவிட்டாள். சகலைகள் பார்வையாளர் படிகளின் உச்சி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் இரண்டு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வெளுத்த வளையம்தான் இருந்தது. மூன்றாவது தடவை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பாத்தேன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சொல்லியிருக்கலாம்."

"அவளுக்குக் கெடைச்சிருக்கும்."

"கெடைச்சிருக்கும் சகலை. கை வரல."

கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டினார். கோபப்படலாம் என்று முயன்று பார்த்தார். அதற்கு வேண்டிய தகுதி தன்னிடம் இல்லை என்பது தெரிந்ததால் விட்டுவிட்டார்.

நான்கு மணிக்கு மூன்று பேர் மூன்று கருவிகளோடு படிமேடையில் ஏறினார்கள். மூவரும் அறிமுகமில்லாதவர்கள், ஒருவர் கையை மற்றவர் பார்க்க எந்தக் காரணமும் இல்லாதவர்கள். பட்டாணி தனியாகக் கோட்டில் குனிந்தாள். புகை எழுந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லை. முதல் வளைவில் அவள் கால் தரையில் படுவதே தெரியவில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டில் அவள் வாய் அசைந்தது. எண்ணுகிறாளா, திட்டுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. திட்டினால் யாரை என்பது தெரிந்தது. முந்நூறைத் தாண்டியதும் அவள் தோள் இறுகியது. தலை இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது, தூக்கத்தில் பஸ் ஜன்னலில் சாய்வது போல. வலது கை மட்டும் உடம்பை விட்டு விலகி எதையோ தள்ளிக்கொண்டே வந்தது. இவ்வளவு வலி ஒரு மனிதருக்கு நின்ற இடத்தில் வந்திருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள். அவள் அதை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு ஆயிருக்கும் சகலை?" என்று மெக்கானிக் கிசுகிசுத்தார்.

"பேசாதீங்க. கடைசி அம்பதுல இருக்கா."

கோட்டைத் தாண்டியதும் அவள் நான்கு அடி போய் மண்டியிட்டு, பிறகு குப்புறப் படுத்துவிட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது. படிமேடையில் மூன்று பேரும் கருவிகளை நடுவரிடம் நீட்டினார்கள். மூன்று நேரம் இருந்தால் நடுவில் உள்ளதைத்தான் எடுப்பார்கள். நடுவர் எழுதினார், ஒரு தடவை சரிபார்த்தார், ஒலிபெருக்கியை வாங்கினார். ஒரு நிமிடம், ஒன்று புள்ளி ஒன்பது. தேர்வு.

அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மெக்கானிக் எல்லாப் படிகளையும் லிஃப்ட் இல்லாமலே இறங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார். பட்டாணி புல்லில் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் உப்புக் கோடுகள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"பொய். என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் ஒன்று சத்தம் போட்டது. "முந்நூறு தாண்டுனதும் தலை இடது பக்கம் சாயுது. வலது கை வெளிய போவுது. அது உள்ள இருந்தா இன்னும் நல்லா வரும்னு தோணுது."

பட்டாணி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா கோச் அதையேதான் கத்தறாரு."

"அவரு சொல்றது சரிதான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தண்ணி குடுங்க" என்றாள் அவள். எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தார்.